திரும்பி வராத விமானம்: குண்டுவீச்சு விமானியின் கதியை ஆராயும் எழுத்துக்கள் பற்றிய ஒரு நோக்கு

இரண்டாம் உலகப் போர் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல்களுள்ளே, தனக்கென ஒரு வாசகர் கூட்டத்தையும் வாய்பாட்டையும் வகுத்துக்கொண்ட கிளைவகை ஒன்று உண்டு. இரவிற் புறப்பட்டுத் திரும்பி வராத குண்டுவீச்சு விமானம் ஒன்றையோ அதிற் சென்ற ஒருவரையோ எடுத்துக்கொண்டு, நேர்ந்தது யாது என்பதை அரச பத்திரங்கள், கல்லறைப் பதிவுகள், நேரிற் கண்டோர் வாக்குமூலங்கள், மண்ணிலிருந்து தோண்டியெடுக்கப்பட்ட உலோகத் துண்டுகள் ஆகியவற்றின் துணைகொண்டு நிறுவ முயலும் எழுத்துக்களையே ஈண்டுக் குறிக்கின்றோம். தொழில்முறை வரலாற்றாசிரியர் சிலரும், இறந்தோரின் உறவினர் பலரும், விமானங்கள் விழுந்த ஊர்களைச் சேர்ந்த ஆர்வலர் பலரும் இதில் ஈடுபட்டுள்ளனர். இலக்கியத் திறனாய்வாளர் இவ்வகையைப் பொருட்படுத்தியது குறைவு. முற்போக்கு நோக்குடையோரோ, ஏகாதிபத்திய நாடொன்று தன் படைவீரரை எண்ணி வடிக்கும் கண்ணீர் என்று ஒரே வாக்கியத்தில் இதனை ஒதுக்கிவிடுவதுண்டு. அவ்வொதுக்கல் சோம்பலின்பாற்பட்டது என்பது எமது கருத்து. இறந்தவருள் எவருடைய கதி ஆராயப்படுகிறது, எவருடையது ஆராயப்படாமல் விடப்படுகிறது, அந்தத் தெரிவை நிருணயிக்கும் சமூகச் சக்திகள் யாவை என்பன இலக்கிய ஆய்வுக்கும் வரலாற்றாய்வுக்கும் பொதுவான வினாக்கள். இவ்வினாக்களை இவ்வளவு அப்பட்டமாக எழுப்பும் எழுத்துவகை வேறொன்று இருத்தல் அரிது.

முதலில் இவ்வெழுத்துக்களின் பௌதிக அடிப்படையை நோக்குதல் தகும். பிரித்தானிய விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவிற் பறந்தோர் ஏறத்தாழ 125,000 பேர். அவர்களுள் 55,573 பேர் மாண்டனர். நூற்றுக்கு 44 பேர் என்னும் இவ்விகிதம் எந்தப் படைப்பிரிவுக்கும் மிகக் கொடிய விகிதமாகும். மாண்டோரிற் பெரும்பாலோர் இருபதுகளின் முற்பகுதியினர். லங்காஸ்ரர் விமானமொன்றிற் செல்வோர் வழக்கமாக 7 பேர். விமானம் வீழ்ந்தால் ஏழு குடும்பங்களுக்குத் தந்தி சென்றது. தந்தியைத் தொடர்ந்து கட்டளையதிகாரியின் கடிதமும், அதன்பின் பல மாத மௌனமும், ஏறத்தாழ ஆறு மாதம் கழிய, 'உத்தியோக தேவைகளுக்காக' மரணம் நிகழ்ந்ததாகக் கருதப்படுகிறது என்னும் அறிவித்தலும் வந்தன. இந்த மௌனத்தை எதிர்கொள்ளும் பொருட்டு 1941இல் பிரித்தானிய விமான அமைச்சு, காணாமற்போனோரை ஆராய்வதற்கென ஒரு பகுதியை நிறுவிற்று. போர் முடிந்ததும் அது விரிவாக்கப்பட்டு 1949 வரை இயங்கியது. 40,000க்கும் மேற்பட்ட பெயர்கள் அதன் முன் இருந்தன. தேடும் குழுவினர் ஊர் ஊராகச் சென்று பாதிரிமாரையும் நகரத் தலைவர்களையும் இடுகாட்டுக் காவலரையும் விசாரித்தனர். பெயரற்ற புதைகுழிகளைத் தோண்டினர். அவ்வாறு தேடியும் கல்லறை காணப்படாத, வடமேற்கு ஐரோப்பியக் களத்தைச் சேர்ந்த 20,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களே 1953இல் திறந்துவைக்கப்பட்ட ரன்னிமீட் நினைவாலயத்திற் பொறிக்கப்பட்டுள்ளன.

இன்று ஒரு பேரனோ பேர்த்தியோ இலண்டன் கியூவிலுள்ள தேசிய சுவடிக்கூடத்திற்குச் சென்று காணும் பத்திரங்களிற் பெரும்பாலானவை இவ்விரு காலங்களையும் சேர்ந்தவை. படையணியின் செயற்பாட்டுப் பதிவேடு இரு படிவங்களில் அமைந்தது. ஒன்றில் நாளாந்தச் சுருக்கமும், மற்றதில் ஒவ்வொரு விமானத்தின் இலக்கம், சென்றோர் பெயர், புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், செய்த வேலை ஆகியனவும் காணப்படும். திரும்பாத விமானத்திற்கு நேரே, திரும்பிய நேரத்திற்குரிய கட்டம் வெறுமையாக இருக்கும். புறப்பட்ட பின் செய்தி எதுவும் கிடைக்கவில்லை என்னும் பொருள்பட ஒரு தொடர் தட்டச்சிடப்பட்டிருக்கும். இவ்வகை நூல்களின் உரைநடை மீது இப்பத்திரங்கள் செலுத்தியுள்ள ஆதிக்கம் பெரிது. நூலாசிரியர் பலர் தம்மை அறியாமலே பதிவேட்டின் நடையை மேற்கொள்கின்றனர். நேரம், உயரம், இலக்கம், குண்டின் நிறை என்பன மிகத் துல்லியமாகத் தரப்படும். எதற்காக அந்நகருக்கு அவ்விமானம் அனுப்பப்பட்டது என்ற வினாவோ 'செய்த வேலை' என்ற கட்டத்தினுள் அடங்கிவிடும். பதிவேடு எதைக் கேட்கவில்லையோ அதை நூலும் கேட்பதில்லை. பத்திரத்தை ஆதாரமாகக் கொள்வதும் பத்திரத்தின் உலகநோக்கை ஏற்றுக்கொள்வதும் வேறுவேறு என்னும் உணர்வு, இத்துறையில் உழைத்தோருள் மிகச் சிலரிடமே காணப்படுகிறது.

சொல்லொன்றையும் இவ்விடத்திற் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இத்தந்திகளுக்குரிய சொல் எழுவாயின் செயலையோ பிறர் செயலையோ குறியாத ஒரு நிலைச்சொல். அதனை நாம் 'காணாமற்போனவர்' என மொழிபெயர்க்கின்றோம். ஆயின் எமது நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் பல்லாண்டுகளாகத் தம் பிள்ளைகளின் படங்களை ஏந்தி நிற்கும் தாய்மார் அச்சொல்லை ஏற்பதில்லை. தம்மவர் காணாமற்போகவில்லை, காணாமலாக்கப்பட்டனர் என்பது அவர்கள் வாதம். செய்வினைக்கும் செயப்பாட்டுவினைக்கும் இடையேயுள்ள வேறுபாடு இலக்கணப் பாடநூலுக்கு வெளியே இவ்வளவு கனதியுடன் ஒலிப்பதை வேறெங்கும் யாம் கேட்டதில்லை. விமானி விடயத்தில் ஐயத்திற்கு இடமில்லை. அவரை அனுப்பிய அரசே அவரைத் தேடவும் ஆளனுப்பியது. அரசு தேட முன்வந்தமையே பத்திரம் உண்டாவதற்குக் காரணம், பத்திரம் இருந்தமையே பிற்காலத்தில் நூல் உண்டாவதற்குக் காரணம். தேட மறுத்த அரசுகளின் நாடுகளில் இத்தகைய இலக்கியவகை ஏன் தோன்றவில்லை என வினவுவோர்க்கு இதுவே போதிய விடையாகும்.

அடையாளங் காணும் முறையிலும் ஒரு சமூகவியல் உண்டு. அக்காலப் பிரித்தானிய அடையாள வில்லைகள் நார்ப்பொருளாற் செய்யப்பட்டவை. ஈரமண்ணில் அவை நிலைப்பதில்லை. ஆகவே தேடுவோர் சலவைக் குறி, சட்டைத்துணி, பதவிச் சின்னம், சப்பாத்து, மோதிரம், இயந்திரத் தொடரிலக்கம் ஆகியவற்றை நாடினர். அதிகாரி தமது சீருடையைத் தையற்காரரிடம் தைத்துக்கொண்டவர். சார்ஜன்ற் அரசு வழங்கியதை அணிந்தவர். எலும்பினின்றும் ஆளைப் பிரித்தறிய முடியாதபோது துணியின் தரம் அவரது தரத்தைக் காட்டிக்கொடுத்தது. ஒரே விமானத்தில், ஒரே அபாயத்தை ஏழு பேர் சமமாகப் பகிர்ந்துகொண்டனர் எனப் போற்றும் நூல்கள் இதனைக் கூறும்போதும் இதன் பொருளை நின்று நோக்குவதில்லை. வானில் சார்ஜன்ற் தரத்து விமானி அதிகாரிக்கும் கட்டளையிட்டார் என்பது உண்மையே. தரையில் இருவரும் வெவ்வேறு உணவுமண்டபங்களுக்குச் சென்றனர் என்பதும் உண்மையே.

இனி, மிகுதியாக ஆராயப்பட்ட கதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கை கிப்சன் 1918இல் இந்தியாவின் சிம்லாவில், குடியேற்ற ஆட்சியின் வனத்துறை அதிகாரி ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். 1943 மே 16ஆந் திகதி இரவு ரூர்ப் பிரதேசத்து அணைக்கட்டுகள் மீது நடத்தப்பட்ட தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர். 1944 செப்ரெம்பர் 19ஆந் திகதி இரவு மொஸ்கிற்றோ விமானமொன்றிற் சென்று, றைட், மொன்சன்கிளாட்பாக் நகர்கள் மீதான தாக்குதலை நெறிப்படுத்திவிட்டுத் திரும்புகையில் ஒல்லாந்தின் ஸ்ரீன்பேர்கன் என்னும் ஊரருகே வீழ்ந்து, வழிகாட்டுநர் வோர்விக்குடன் மாண்டார். அப்போது அவருக்கு வயது 26. காலுறையிலிருந்த சலவைக் குறியே அவர் இன்னாரென உணர்த்திற்று. ஏன் வீழ்ந்தார் என்பதற்குக் கூறப்படும் காரணங்கள் பல: பழக்கமில்லாத விமானத்தில் எரிபொருள்த் தாங்கியை மாற்றும் விசையை இயக்கத் தவறினர் என்பர் சிலர், தரையிலிருந்து சுடப்பட்டனர் என்பர் சிலர், ஜேர்மானிய இரவுப்போர் விமானத்தின் வேலை என்பர் வேறு சிலர், பிரித்தானிய லங்காஸ்ரர் ஒன்றின் பின்புறச் சுடுநரே பகைவிமானமெனத் தவறாக எண்ணிச் சுட்டார் எனவும், அவரே அதனை ஒலிப்பதிவிற் கூறிச் சென்றார் எனவும் 2011இல் ஒரு செய்தி வெளிவந்தது.

இக்கருதுகோள்களைச் சுற்றி எழுந்துள்ள எழுத்தின் அளவு வியப்பூட்டுவது. அதிலும் வியப்பு, அவற்றுள் எது மெய்யாயினும் எமது வரலாற்றறிவில் ஏற்படும் மாற்றம் மிகச் சிறிது என்பதாகும். வீரநாயகனின் மரணத்திற்கு அவனது வாழ்வுக்கு ஈடான காரணம் ஒன்று இருந்தாக வேண்டும் என்னும் காவிய மனோபாவமே இத்தேடலைத் தூண்டுகிறது. விசையொன்றைத் திருப்பத் தவறியமையால் இறந்தான் எனின் காவியம் சிதைந்துவிடும். கிப்சன் எழுதி, 1946இல் அவர் இறந்தபின் வெளிவந்த தன்வரலாற்று நூலும், 1951இல் வெளிவந்த போல் பிறிக்ஹிலின் 'அணை உடைப்போர்' என்னும் நூலும், 1955ஆம் ஆண்டுத் திரைப்படமும் அக்காவியத்தை நிலைநிறுத்தின. அதனைக் கலைக்க முயன்ற நூல்களும் உள. ஜோன் ஸ்வீற்மன் 1982இல் எழுதிய ஆய்வு, அத்தாக்குதல் வீரகாவியமா கட்டுக்கதையா என்னும் வினாவைத் தலைப்பிலேயே கொண்டது. றிச்சட் மொறிஸ் 1994இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு, கிப்சன் கீழ்த்தரத்தோரிடம் காட்டிய கடுமையை மறைக்காமல், அவரை அவரது வகுப்பின், அவரது கல்லூரியின், அவரது பேரரசின் விளைபொருளாகக் காட்டுகிறது. இத்துறையில் யாம் படித்தவற்றுள் இலக்கியத் தரமும் ஆய்வு நேர்மையும் ஒருங்கே அமைந்த நூல் அதுவே.

எனினும் அணைத்தாக்குதல் பற்றிய எழுத்துக்களின் சமன்பாட்டை எண்களே காட்டிவிடுகின்றன. 19 விமானங்களிற் சென்றோர் 133 பேர், 8 விமானங்கள் வீழ்ந்தன, 53 பேர் மாண்டனர், மூவர் சிறைப்பட்டனர். இந்த 133 பேரில் ஒவ்வொருவரின் பிறந்த ஊர், பாடசாலை, தொழில், காதலி, கடைசிக் கடிதம் அனைத்தும் அச்சில் உள்ளன. மோன அணை உடைந்து பாய்ந்த வெள்ளத்தில் மாண்டோர் தொகை 1,300க்கும் 1,600க்கும் இடையே மதிப்பிடப்படுகிறது. அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் ஜேர்மானியருமல்லர். உக்ரேயினிலிருந்தும் ஏனைய கிழக்கு நாடுகளிலிருந்தும் நாசிகளாற் பிடித்துக் கொண்டுவரப்பட்ட கட்டாய உழைப்பாளரும் போர்க்கைதிகளுமே அவர்கள். நேஹைம் நகரருகே மரக்கொட்டில்களில் அடைக்கப்பட்டிருந்த பெண்கள் நூற்றுக்கணக்கில் வெள்ளத்தோடு போயினர். பாசிசத்தின் அடிமைகளாக இருந்தோரைப் பாசிசத்திற்கெதிரான போரே கொன்றது. இதனைவிடக் கொடிய முரண்பாட்டை நாடகாசிரியன் ஒருவன் கற்பனை செய்திருப்பின், மிகைப்படுத்துகிறான் என்று குறை கூறியிருப்போம். 1955ஆம் ஆண்டுத் திரைப்படத்திற் பாயும் வெள்ளம் காட்டப்படுகிறது, அக்கொட்டில்கள் காட்டப்படுவதில்லை. மக்ஸ் ஹேஸ்ரிங்ஸ் 2019இல் எழுதிய நூலே பெருவாசகர் கூட்டத்திற்கு இதனை அழுத்திக் கூறிற்று. அவரும் முற்போக்காளர் அல்லர், பழைமைபேணும் சார்பினர். அவர் கூறும் வரை முற்போக்கு விமர்சகர் பலர் இதனைக் கூறாதிருந்தமைக்கு, இத்துறையையே படிக்கத் தகாததென முன்னரே ஒதுக்கிவைத்தமை காரணமாகலாம்.

இதனாற் போர் பிழையானது என்றோ, விமானிகள் கொலைஞர் என்றோ கூறிவிட்டு அமைதல் எளிது. ஹம்பேர்க்கும் டிறெஸ்டனும் எரிந்தமை உண்மை. நாசிசம் முறியடிக்கப்பட வேண்டியிருந்தமையும் உண்மை. குண்டுவீச்சுப் பிரிவில் இறந்தோருள் சுரங்கத் தொழிலாளரின் மக்களும் எழுதுவினைஞரும் கடைச்சிப்பந்திகளும் மிகப் பலர் என்பது இன்னோர் உண்மை. 30 பறப்புகள் என்பது ஒரு சுற்று. அதனை முடிக்குமுன்னரே மனமுடைந்து பறக்க மறுத்தோரின் ஆவணத்தில் 'மனவுறுதி அற்றவர்' எனும் பொருள்படப் பொறிக்கப்பட்டது. கதியை ஆராயும் நூல்கள் இறந்தோரைத் தேடும் அளவுக்கு இவ்வாறு பொறிக்கப்பட்டோரைத் தேடுவதில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் சுவடிக்கூடத்திற்கு வருவார்களா என்பதும் ஐயமே.

புனைகதை இம்முரண்பாட்டை எதிர்கொண்ட விதத்திற்கு லென் டெய்ற்றனின் 1970ஆம் ஆண்டு நாவலான 'பொம்பர்' சிறந்த சான்று. ஒரே ஒரு நாளின் கதை. அந்நாளும் 1943 யூன் 31. யூனுக்கு 31ஆந் திகதி இல்லை என்பதை வாசகர் உணருமுன்னரே கதை நகர்ந்துவிடும். குண்டு விழும் ஜேர்மானியச் சிறுநகரும் கற்பனையே. நாவலின் மையமாகிய லம்பேட் அதிகாரியல்லன், சார்ஜன்ற் வரிசையிலுள்ளவன். ஆகாயத்தில் இருப்போர், ராடர்த் திரையின் முன் இருப்போர், தீயணைப்போர், மருத்துவச்சாலையில் இருப்போர், சாதாரண இல்லத்தரசி என இருபுறத்தாரும் ஒரே அளவான எழுத்து வெளியைப் பெறுகின்றனர். தாக்குதல் தவறான இடத்தில் விழுகிறது. எவர் சாவார், எவர் தப்புவார் என்பதற்கு அவரவர் பண்போ வீரமோ காரணமாவதில்லை. இயந்திரங்களின் இயல்பும் காற்றும் நேரமுமே காரணங்கள். (கணினித் தட்டச்சின் முன்னோடியான பொறியொன்றில் எழுதப்பட்ட முதல் நாவல் இது எனக் கூறுவர். பொறிகளின் ஆட்சியைப் பாடும் நாவலுக்கு இது பொருத்தமே.) டெய்ற்றனின் தொழில்நுட்ப விவரணம் சில இடங்களிற் கைநூலை ஒத்துச் சலிப்பூட்டுகிறது, பெண்பாத்திரங்கள் மெலிவானவை. ஆயினும் கதியை ஆராயும் நூல்கள் செய்யாத ஒன்றை நாவல் செய்தது: மேலே இருந்தவரின் மரணத்தையும் கீழே இருந்தவரின் மரணத்தையும் ஒரே பக்கத்தில் வைத்தது. இல்லாத நாளைத் தெரிந்தமையால், எந்தப் பதிவேட்டின் கட்டத்துக்கும் அது கட்டுப்பட வேண்டியிருக்கவில்லை.

பத்திரத்திற்குக் கட்டுப்பட்டவாறே இவ்வகையை உள்ளிருந்து மாற்றிய நூல் ஒன்று உண்டு. அதனை எழுதியவர், தேடப்பட்ட விமானியே. சை கிறான்ற் 1919இல் அன்றைய பிரித்தானிய கயானாவிற் பிறந்த கறுப்பினத்தவர். ஐரோப்பியக் குருதியினர்க்கே அதிகாரி பதவி என்னும் விமானப்படை விதி 1939 ஒக்ரோபரிற் போர்க்காலத்துக்காகத் தளர்த்தப்பட்டதன் பின்னரே அவர் போன்றோர்க்கு வாயில் திறந்தது. குடியேற்ற நாட்டு இளைஞரின் தகுதி திடீரென உயர்ந்தமையால் அன்று, இறப்பதற்கு ஆட்கள் போதாமையாலேயே அது தளர்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது. ஏறத்தாழ 400 முதல் 500 வரையான மேற்கிந்தியர் விமானக் குழுவினராகப் பறந்தனர். கிறான்ற் வழிகாட்டுநராகச் சென்ற லங்காஸ்ரர் 1943 யூன் 25ஆந் திகதி இரவு கெல்சென்கேர்ஹன் நகரைத் தாக்கிவிட்டுத் திரும்புகையில் ஒல்லாந்தின்மேல் சுடப்பட்டது. குழுவினர் அனைவரும் தப்பவில்லை. விமானம் பண்ணை வீடொன்றின்மேல் விழுந்து பண்ணையாரின் மனைவியையும் பலிகொண்டது. கிறான்ற் பரசூட்டில் இறங்கி, பிடிபட்டு, இரு வருடங்கள் போர்க்கைதியாக இருந்தார்.

அவரது புகைப்படம் நாசிக் கட்சிப் பத்திரிகையில் வெளிவந்தது. 'இனம் இன்னதென நிச்சயிக்க இயலாத விமானப்படை உறுப்பினர்' என்பது அதன் கீழிருந்த வாசகம். ஆரிய இனத்தூய்மை பேசியோர்க்கு ஆங்கிலேயச் சீருடையில் நின்ற கறுப்பரை வகைப்படுத்தத் தெரியவில்லை. 2006இல், தமது 87ஆம் வயதளவில், போர்க்கால நினைவுகளை நூலாக்கியபோது அவ்வாசகத்தையே கிறான்ற் தலைப்பாக்கினார். பகைவனின் வகைப்பாட்டைத் தமது பெயராக ஏற்றதன்மூலம் அதன் அபத்தத்தை அவர் வெளிக்கொணர்கிறார். அஃது அத்துடன் அமையவில்லை. அவர் சுட்டுவீழ்த்தப்பட்டதற்கு ஏறத்தாழ ஆறு வாரத்தின் முன் நிகழ்ந்த அணைத்தாக்குதலில், மோன அணை உடைந்தமையை அறிவிக்கும் இரகசியச் சொல்லாக அமைந்தது கிப்சனுடைய நாயின் பெயர். அப்பெயர் கறுப்பினத்தோரை இழிக்கும் வசைச்சொல். 2020இல் அந்நாயின் நினைவுக்கல்லிலிருந்து அது அகற்றப்பட்டபோது பிரித்தானியாவில் எழுந்த ஆரவாரம் பலர் அறிந்ததே. வெற்றியைக் குறிக்க அச்சொல்லை ஒலிபரப்பிய அதே படைப்பிரிவின் விமானத்திலேயே, அச்சொல்லால் இழிக்கப்பட்ட மனிதர் வரைபடத்தை விரித்துவைத்து வெள்ளையர் அறுவருக்கு வழிகாட்டிச் சென்றார். பகைவர் பத்திரிகை அவரை எவ்வாறு வகைப்படுத்தியது என்பதைத் தலைப்பில் வைத்த நூல், தம்மவர் எவ்வாறு வகைப்படுத்தினர் என்ற வினாவையும் அத்தலைப்பினுள்ளேயே வைத்துள்ளது எனக் கொள்ளலாம்.

போருக்குப் பின் நிகழ்ந்தவை இவ்வாசிப்புக்கு வலுவூட்டுகின்றன. கிறான்ற் 1950இல் பாரிஸ்டராகத் தேறினார். ஆயின் அத்தொழிலில் இடம் கிடைக்கவில்லை. நடிப்பையும் பாடலையும் நாடினார். 1957 முதல் சில ஆண்டுகள் பீ.பீ.ஸி. தொலைக்காட்சியின் மாலை நிகழ்ச்சியொன்றில் அன்றன்றைய செய்திகளைக் கலிப்சோ மெட்டிற் பாடினார். நாட்டுக்காக உயிரைப் பணயம் வைக்கும் தகுதியை ஏற்ற சமூகம் நீதிமன்றில் வாதாடும் தகுதியை ஏற்கவில்லை. பாடும் தகுதியை மட்டும் ஏற்றது. கதியை ஆராயும் வழமையான நூல் விமானம் விழுந்த நிமிடத்தோடு முடியும். அல்லது கல்லறையில் மலர் வைப்பதோடு முடியும். கிறான்றின் விடயத்தில், 'விமானிக்கு நேர்ந்த கதி யாது' என்னும் வினா 1943இல் முடிவதே இல்லை. தப்பிப் பிழைத்தவனுக்கும் ஒரு கதி உண்டு. அதை நிருணயித்தது பகைவனின் துப்பாக்கி மட்டுமன்று.

நூலின் குறைபாட்டையும் கூறியாதல் வேண்டும். சிறை முகாம் பற்றிய பகுதிகளிற் காணப்படும் செறிவு பிற்பகுதியில் இல்லை. இன அடையாளம் பற்றிய சிந்தனைகள் அனுபவத்தினின்றும் விலகிப் பொதுக்கூற்றுக்களாகின்றன. அதற்கு அடுத்த ஆண்டில் வெளியிட்ட 'கறுமையும் கனவுகாணும் ஆன்மாவும்' என்னும் நூலில் அப்போக்கு மேலும் வளர்ந்து ஒருவகை ஆன்மிகவாதமாகிறது. குடியேற்றவாதத்தை ஒரு பொருளாதார உறவாகக் காணாது, மனநோயாகக் காணும் நிலைக்கு அவர் சென்றுவிடுகிறார் என்பது எமது மதிப்பீடு. எனினும் அவர் நூலோடு கூடவே நடந்த ஒரு செயல் அக்குறையை ஈடுசெய்கிறது. அன்று சிறுவனாக அவ்விமானத்தின் வீழ்ச்சியை அறிந்திருந்த ஒல்லாந்தர் ஒருவர், முதுமையில் அதன் குழுவினரைத் தேடி ஆராய்ந்து கிறான்றை அடைந்தார். அச்சந்திப்பின் பின், போரிற் பறந்த கரிபியர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தொகுக்கும் முயற்சி தொடங்கிற்று. வீடு எரிந்த ஊரிலிருந்தே தேடல் தொடங்கியமை, பண்ணை மனைவியின் மரணமும் விமானியின் கதையுள் இடம்பெறக் காரணமாயிற்று. தரையிலிருந்து தொடங்கும் தேடலுக்கும் சுவடிக்கூடத்திலிருந்து தொடங்கும் தேடலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இவ்விடத்தில் எமது நாட்டுச் செய்தியொன்றைக் குறிப்பிடாது விடுதல் பொருந்தாது. கொழும்புப் பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள குதிரைப்பந்தயத் திடல் 1942இல் விமான ஓடுபாதையாக இருந்தது. ஏப்ரில் 9ஆந் திகதி திருகோணமலையை யப்பானியர் தாக்கிய அன்று, அத்திடலிலிருந்து எழுந்த 11ஆம் படையணியின் பிளெனிம் விமானங்களுள் 9, நகுமோவின் கப்பற்படையைக் கண்டு குண்டுவீசின. ஒன்றும் இலக்கிற் படவில்லை. ஐந்து திரும்பவில்லை. விமானமொன்றிற்கு மூவர். இக்களத்திற் கல்லறையின்றி மறைந்த விமானிகளின் பெயர்கள் சிங்கப்பூரில் கிராஞ்சி நினைவாலயத்தில் உள்ளன. அக்காலத்தில் இலங்கையிற் பணிபுரிந்த மைக்கேல் ரொம்லின்சன் 1976இல் வெளியிட்ட நூல் இத்தாக்குதல்கள் பற்றிய விரிவான சித்திரத்தைத் தருகிறது. 'மிக அபாயகரமான தருணம்' என்பது அதன் தலைப்பு; சேர்ச்சில் கூறியதாகச் சொல்லப்படும் தொடர். அபாயம் எவருக்கு என்று தலைப்புக் கூறவில்லை. நூலினுட் பேரரசின் கடற்பாதைக்கே எனத் தெளிவாகிறது.

அதே நாளில் திருகோணமலை எண்ணெய்த் தாங்கி ஒன்றின்மேல் யப்பானிய விமானமொன்று வீழ்ந்து தாங்கி பல நாள் எரிந்தது. அதிலிருந்தோர் வேண்டுமென்றே மோதினர் என்ற கதை இன்றும் அவ்வூரில் வழங்குகிறது. உல்லாசப் பயணிகளுக்கும் சொல்லப்படுகிறது. உருகிய உலோகத்திலிருந்து விமானம் எவ்வகையினது என அறியலாம். மாண்டவரின் நோக்கத்தை அதிலிருந்து எவரும் அறிய முடியாது. கிப்சனுக்குப் பொருத்தமான மரணம் தேடியோரும் இக்கதையை வளர்த்தோரும் ஒரே வேலையையே செய்கின்றனர். வீரனுக்குரிய முடிவைப் பகைவனுக்கு வழங்கியமையில் எம்மவரின் தாராள மனம் தெரிகிறது என வேண்டுமானாற் கொள்ளலாம்.

ஏப்ரில் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டபோது அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. துறைமுகத்தில் வேலைசெய்தோர், நோயாளர், வீட்டிலிருந்தோர் எனப் பொதுமக்கள் பலர் மாண்டனர். விமானிகளின் கதியை ஆராய்ந்தோர் வகுத்த முறை ஆயத்தமாக உள்ளது: பதிவேட்டின் வெறுமையான கட்டத்திலிருந்து தொடங்குதல், இடுகாட்டுப் புத்தகத்தோடு ஒப்பிடுதல், சலவைக் குறி போன்ற சிறு தடயத்தையும் விடாதிருத்தல், விழுந்த இடத்தில் வாழ்ந்த முதியோரின் பிள்ளைகளைக் கேட்டல். அம்முறையை அங்கொடையின் அனுமதிப் பதிவேட்டிலும், துறைமுகத் தொழிலாளரின் சம்பள இடாப்பிலும், அவ்வாரத்து மரணப் பதிவுகளிலும் கையாள்வதற்கு விமானமொன்றும் வேண்டியதில்லை.